ஈறு வைத்த கோப்பை

கோப்பைக்கு ஈறு வைக்கிற வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படி ஈறு வைத்த கோப்பை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது இணையத்தில் சாயம் என்று பெயரெடுத்த ஒருத்தியின் வீட்டுச் சமையலறை அலமாரியில், கரண்டிகளைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கைப்பிடி உடைந்து கிடந்த அந்த வெள்ளைக் கோப்பையை எடுத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். செயற்கைப் பல் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. பல்செட்டுக்கு ஈறு பிடிக்கிற இளஞ்சிவப்புக் கலவை கொஞ்சம் மீந்தது. அதை வைத்து ஒட்டினாள். ஒட்டியதோடு விட்டிருக்கலாம், ஆனால் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் ஓரத்தை வளைவு வளைவாகச் செதுக்கி, நிஜ ஈறில் இருப்பதுபோலப் பொடிப் பொடியாகப் புள்ளியும் குத்திவிட்டாள். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எப்ப பல் முளைக்கும்?" என்று கேட்டார்.

அந்தக் கோப்பையைத்தான் நேற்று மாலை அவள் கணினித் திரையில் பார்த்தாள். நீலப் பேனாவால் வரைந்த படம். வளைவுகள் இருந்தன, புள்ளிகளும் இருந்தன. வரைந்து வெளியிட்டிருந்தவர் 'நீலப்பேனா'. போன வாரம் இந்தத் தொடர்கதை அங்கேதான் நின்றது.

'மிச்சச் சாயம்' என்பது அவள் நடத்தும் வலைப்பூவின் பெயர். படம் வரைகிற, தைக்கிற, வெட்டி ஒட்டுகிற கூட்டம் ஒன்று இணையத்தில் உண்டு. அங்கே அவள் எல்லாருக்கும் சாயம் அக்கா. அந்தக் கூட்டத்தில் அவள் மனம் விட்டுப் பேசிய ஒரே ஆள் நீலப்பேனா. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. எழுத்தில் இருந்த பதவிசைப் பார்த்து, இது பெண்பிள்ளைதான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லாததை நீலப்பேனாவிடம் சொல்லியிருந்தாள். தொலைவில் ஒரு நகரத்தில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு வருஷம் அங்கேயே தங்கி வரைய வேண்டும். போக ஆசை. கணவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "அவருக்கு நான் வரைவது கோலிக்குண்டு விளையாட்டு மாதிரி" என்று எழுதியிருந்தாள். மாமியாரைப் பற்றி எழுதியிருந்தாள். நாத்தனாரைப் பற்றி, 'சாவி தொலைந்த பூட்டு' என்றும் எழுதியிருந்தாள்.

அத்தனையும் இந்த வீட்டுக்குள்ளேயேதான் யாரோ படித்திருக்கிறார்கள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. "போய் வாருங்கள் அக்கா, தயங்காதீர்கள்" என்று விடாமல் தைரியம் சொன்னதும் நீலப்பேனாதான். வெளியாள் சொன்னால் அது அன்பு. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மறைந்திருந்து சொன்னால் அதற்கு என்ன பெயர்? நான் கிளம்பினால் இங்கே யாருக்கு லாபம்?

*

காலையில் சாப்பாட்டு மேஜையில் சாயம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே நாத்தனார், கணவனின் தங்கை. மருந்துக்கடையில் வேலை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் ஆச்சரியம். அவள் சட்டைப் பையில் பேனாக்கள் வரிசையாகக் குத்தி நின்றன. மருந்துக் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவை. அத்தனையும் நீலம்.

இத்தனை வருஷமாக இது எப்படிக் கண்ணில் படவில்லை என்று சாயம் தன்னையே நொந்துகொண்டாள்.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேனா மூடி கழண்டிருக்கு. சட்டை கறையாயிடும்."

நாத்தனார் குனிந்து பார்த்தாள். எல்லா மூடியும் இருந்தது. அவள் ரொட்டியை விண்டாள்.

மாமியார் வானொலியைக் காதோடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் இருப்பது சாயம் செய்து கொடுத்த பல்செட். அந்த வீட்டில் மாமியார் மருமகளைப் பார்த்துச் சிரித்தார் என்றால் அது முழுக்க முழுக்க மருமகளின் கைவேலை. இவர் கணினியைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை. அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று சாயம் முதலிலேயே விட்டுவிட்டாள்.

கணவனைக் காணோம். கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மின்தூக்கி பழுது பார்க்கிறவன் அவன். ஊர் முழுக்க இருக்கிற மாடிக் கட்டடங்களில் எங்கே லிஃப்ட் நின்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் முன்னால், பரணில் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த பெரிய நீலப் பெட்டி மல்லாந்து கிடந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னங்க, ஊருக்கா?"

"எந்த ஊருக்கு?" என்று சட்டென்று நிமிர்ந்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"நான் எங்க போறேன்? கையில எண்ணெய் இருந்துச்சு. விட்டேன்."

கையில் எண்ணெய் இருந்தால் கதவுக் கீலுக்கு விடலாம். சமையலறைக் கதவு கத்த ஆரம்பித்து ஒரு யுகம் ஆகிறது. அதை விட்டுவிட்டுப் பரணில் ஏறி யாராவது பெட்டியை இறக்குவார்களா? சாயம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று, பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள்.

*

பட்டறையில் அன்றைக்கு ஒரு முன்பல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. பக்கத்துப் பல்லின் நிறத்தோடு பொருந்தவே மாட்டேன் என்றது. மஞ்சளைக் குறைத்தால் சாம்பல் தட்டியது, சாம்பலைக் குறைத்தால் பொம்மைப் பல் ஆனது. இடைவேளையில் அதைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

இன்று சாயங்காலத்துக்குள் ஒரு பதிவு போட்டாக வேண்டும். அவளுக்குக் 'கைமாறு விருது' வந்திருந்தது. வலைப்பூக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்கிற விருது அது. கேடயம் கிடையாது, மேடை கிடையாது. வாங்கியவர் தனக்குப் பிடித்த மற்ற கலைஞர்களைப் பற்றி மனதாரப் பாராட்டி எழுதி, விருதை அவர்களுக்குக் கைமாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான் சட்டதிட்டம்.

மற்றவர்களைப் பற்றி எழுத அவளுக்குச் சிரமமே இருக்கவில்லை. 'கோணல் ஊசி' தெருவில் கிடக்கும் பாதாளச் சாக்கடை மூடிகளைப் பார்த்துப் பார்த்துத் துணியில் பூவேலையாகத் தைக்கிறவர். எத்தனை அழுக்கான மூடியும் அவர் நூலில் மாளிகைத் தரை ஆகிவிடும். சாயத்தின் படங்களை அந்தப் பதிப்பகத்தின் கண்ணில் காட்டியதும் அவர்தான். கேட்காமலே செய்தார், செய்ததைச் சொல்லிக்காட்டவும் இல்லை.

இன்னொருவர் 'கடைசி இருக்கை'. பேருந்தில் சீட்டுக் கிழிக்கிறவர். தூங்கிவழிகிற பயணிகளின் முகத்தை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் வரைவார். யாருடைய கை, என்ன தொழில் என்று பார்த்தவுடன் தெரியும். "இவர் படம் பார்த்த பிறகு நான் பேருந்தில் தூங்குவதில்லை, என் கை எப்படி இருக்குமோ என்ற கவலை" என்று எழுதிவிட்டுச் சாயம் தானே சிரித்துக்கொண்டாள். பாராட்டி எழுதுகிற நேரம்தான் அவளுக்கு வாரத்திலேயே நல்ல நேரம். பட்டறையில் யாரும் அவள் செய்த பல்லைப் பாராட்டியதில்லை. செயற்கை என்று தெரியாமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் பெருமை.

நீலப்பேனா என்று தட்டியதும் விரல் நின்றுவிட்டது.

நேற்று வரைக்கும் இந்த இடத்தில் எழுத ஆசை ஆசையாக எத்தனையோ வைத்திருந்தாள். கொக்கியில் தொங்கும் ஈரத் துண்டு, பாதி தேய்ந்த சோப்பு, ஒருக்களித்த கதவு. ஒரே பேனாவில் எத்தனை நீலம். யாருடைய வீடு இது, இவ்வளவு பிரியமாகப் பார்க்கிறார்களே என்று ஏங்கியிருக்கிறாள். அந்தத் துண்டு தன் வீட்டுத் துண்டு, அந்தச் சோப்பு தான் தேய்த்த சோப்பு என்று இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மெச்சினவளை முட்டாளாக்கிவிட்டார்கள். கோபம் கண்ணில் நீராக வந்தது. துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காரியம் செய்தாள். நீலப்பேனாவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். பச்சைப் பொய்.

'நன்றாக யோசித்துவிட்டேன். அந்த நகரத்துக்குப் போவதாக இல்லை. வேண்டாமென்று பதில் எழுதப்போகிறேன்.'

வீட்டில் யார் முகம் மாறுகிறதோ அவர்தான் நீலப்பேனா. பார்த்துவிடலாம் ஒரு கை.

வழக்கமாக நீலப்பேனாவின் பதில் வரத் தாமதமே ஆகாது. அன்றைக்கு வரவில்லை. படித்துவிட்டதற்கு அடையாளம் மட்டும் வந்தது. முன்பல் கடைசிவரை பொருந்தவில்லை, அதை நாளைக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டுச் சாயம் வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

மாமியார் முகம் காலையில் இருந்தபடியே இருந்தது. நாத்தனார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதில் மாற்றம் தெரிய வேண்டுமானால் பூதக்கண்ணாடி வேண்டும். கணவன் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தொலைக்காட்சி அணைந்து கிடந்தது.

"தலைவலியா?" என்று கேட்டாள்.

"இல்லயே."

கூடத்தில் பெட்டியைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தாள். பரணில், பழைய இடத்தில், சுவரைப் பார்த்தபடி ஏறி உட்கார்ந்திருந்தது. காலையில் இறக்கி எண்ணெய் விட்ட பெட்டியைச் சாயங்காலமே ஏற்றி வைப்பானேன்? மனதில் ஒரு முடிச்சு விழுந்தது. ஆனால் அவளுக்கு இப்போது பேனாதான் முக்கியம்.

சமையலறைக்குள் போனாள். நாத்தனார் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். சாயம் அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து, கரண்டிகளைக் கொட்டிவிட்டு, அவள் முன்னால் வைத்தாள்.

"இதை வரைஞ்சது நீதானே?"

நாத்தனார் கோப்பையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. அணைத்தாள்.

"புள்ளியெல்லாம் சரியா வந்திருந்துச்சா அண்ணி?" என்றாள் கடைசியில்.

இப்படி ஒரு பதிலைச் சாயம் எதிர்பார்க்கவில்லை. "வந்திருந்துச்சு," என்றாள். அதற்கு மட்டும் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ரொம்ப நாளா அதையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒடஞ்ச கோப்பைக்குப் போயி யாரு இவ்ளோ மெனக்கெடுவாங்கன்னு. கடையில ஆள் இல்லாத நேரத்துல வரைவேன். மருந்துப் பொட்டி அட்டைய விரிச்சா உள்பக்கம் வெள்ளையா இருக்கும்."

பூட்டு திறந்துகொண்டது. ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகளை அவளிடமிருந்து சாயம் கேட்டதே இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க கணக்குப் போட்டுப் பாராட்டியிருப்பீங்க. நாத்தனாராச்சேன்னு ரெண்டு வார்த்தை கூடப் போடுவீங்க. இல்ல, எம்மேல கோவமா இருக்கற அன்னிக்கு ரெண்டைக் குறைப்பீங்க. யாருன்னே தெரியாம நீங்க சொன்னீங்க பாருங்க, அந்தத் துண்டுப் படத்துக்கு, 'ஈரம் கையில ஒட்டுது'ன்னு. அது எனக்கு மட்டும் சொன்னது. அத நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

சாயத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் உள்ளே இருந்த பயம் விடவில்லை.

"சரி. அது இருக்கட்டும். நான் உனக்கு எழுதினதெல்லாம் வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"எழுதினதா? படத்துக்குக் கீழ போடுவீங்களே, அதுவா? அது எல்லாரும் படிக்கறதுதானே."

"அது இல்ல. தனியா எழுதினது. ஊர் விஷயம். நீ போகச் சொல்லிப் பதில் போட்டியே."

நாத்தனாரின் முகம் மாறியது. பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

"எந்த ஊரு? எங்க போறீங்க அண்ணி?"

நடிக்கிறாளோ என்று சாயம் உற்றுப் பார்த்தாள். நிறம் பார்த்துப் பார்த்தே கண் பழகியவள் அவள். அந்த முகத்தில் வெளுத்திருந்தது நிஜ வெளுப்பு.

"தனியா எழுதறதெல்லாம் எனக்கு வராது," என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "நான் வரைஞ்சு கொடுக்கறதோட சரி. அந்தப் பக்கத்த ஆரம்பிச்சுக் கொடுத்தது, படம் ஏத்தறது, பதில் எழுதறது எல்லாம்..."

அவள் முடிக்கவில்லை. கூடத்தில் கணவனின் தொலைபேசி அடித்தது.

யாரோ எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் போல. வழக்கமான குரலில், அவசரமே இல்லாமல், அவன் பேசுவது சமையலறை வரைக்கும் கேட்டது.

"நடுவுல நின்னுடுச்சுன்னு கதவ நெம்பாதீங்க. நெம்பக் கூடாது. செவுத்துல சாஞ்சுக்கங்க. மூச்ச நிதானமா விடுங்க. ஆங், அப்படித்தான். மேல ஏறத்தானே வந்தீங்க, ஏறிடலாம்."

சாயம் கோப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பேச்சு. கேட்டுக் கேட்டுச் சலித்ததால் காதில் வாங்கியதே இல்லை. ஆனால் இதை அவள் படித்தும் இருக்கிறாள். வரி வரியாக மனப்பாடமாகவே இருக்கிறது. பதிப்பகத்துக்குப் பதில் போடப் பயந்து உட்கார்ந்திருந்த நாளில் நீலப்பேனா அனுப்பியது.

'நடுவில் நின்றுவிட்டதாகத் தோன்றும்போதுதான் எல்லாரும் கதவை நெம்பப் பார்ப்பார்கள். நெம்பாதீர்கள் அக்கா. சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சை நிதானமாக விடுங்கள். மேலே ஏறத்தானே வந்தீர்கள், ஏறிவிடுவீர்கள்.'

எழுத்துத் தமிழை உடுத்திக்கொண்டு வந்ததால் வீட்டு ஆளை அடையாளம் தெரியாமல் போய்விட்டது. 'நீங்கள்' என்ற மரியாதையில் மயங்கிவிட்டாள். கட்டின கணவன் மாதக்கணக்கில் அக்கா, அக்கா என்று எழுதியிருக்கிறான். இவளும் உச்சி குளிர்ந்து போய்ப் பதில் போட்டிருக்கிறாள்.

சிரிப்புதான் முதலில் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கிவிட்டது. 'அவருக்கு நான் வரைவது கோலிக்குண்டு விளையாட்டு மாதிரி' என்று எழுதியதை யார் படித்தது? அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலம் அவன் என்ன செய்தான்? எதுவும் நினைவில்லை. மற்ற நாள் போலத்தான் சாப்பிட்டிருப்பான். படித்த ஒருவன் எப்படி அப்படி உட்கார்ந்து சாப்பிட முடியும்? தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்தவனுக்கு இன்னும் என்னென்ன தெரியுமோ?

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. போ, போ என்று விரட்டியவன் அவன்தான். அது அவளுக்காகவா, அவனுக்காகவா?

"அண்ணன் தப்பா எதுவும்..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு," என்றாள் சாயம். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தோளில் கை வைத்துத்தான் சொன்னாள்.

தொலைபேசியை எடுத்தாள். எழுதி முடித்த பாராட்டுப் பதிவு அங்கே காத்திருந்தது. கோணல் ஊசிக்கு உண்டு, கடைசி இருக்கைக்கு உண்டு. நீலப்பேனா என்ற பெயருக்கு எதிரே மட்டும் காலி. படம் போட்ட கைக்கு விருது கொடுக்கலாம். அந்தக் கை இதோ பக்கத்தில் நிற்கிறது, நெஞ்சாரக் கொடுக்கலாம். பதில் எழுதிய கைக்கு?

பதிவை அப்படியே விட்டுவிட்டுச் செய்திப் பெட்டியைத் திறந்தாள். நீலப்பேனாவுக்கு எழுதினாள்.

'பகலில் பொய் சொன்னேன். நான் போகத்தான் போகிறேன்.'

அனுப்பினாள்.

கூடத்தில் டிங் என்று ஒரு சின்னச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. மாமியாரின் வானொலி மட்டும் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தது. சாயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பரணுக்குக் கீழே வரைக்கும் அது இழுபட்டுப் போய் நின்றது. யாரோ ஏறினார்கள். பெட்டி நகர்ந்தது.

சாயத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேள்வி இல்லை, சண்டை இல்லை. போகிறேன் என்றதும் எழுந்து பெட்டியை இறக்குகிறான். இப்படி ஒருத்தனையா சந்தேகப்பட்டோம் என்று ஒரு நிமிஷம் அவள் மனம் இளகியது.

அந்த நிமிஷத்தில்தான் பெட்டி தரைக்கு வந்தது. வரும்போது உள்ளே ஏதோ கனமாக உருண்டு, ஒரு பக்கமாக மோதி நின்றது.

காலிப் பெட்டி அப்படிச் சத்தம் போடாது.

(தொடரும்)